மருத்துவ ஆய்வுக் கலைச்சொற்கள்: ஒரு வரலாற்று நோக்கு

தமிழில் ‘பரிசோதனை’ என்னும் சொல் இருவேறு செயல்களுக்கு ஒரே பெயராய் நின்று வருகிறது. மருத்துவர் நாடி பார்ப்பதும், நாக்கை நீட்டச் சொல்வதும், இரத்தம் எடுத்துப் பார்ப்பதும் பரிசோதனை. பயன் இன்னும் உறுதிப்படாத ஒரு மருந்தை மனிதர்க்குக் கொடுத்து அதன் விளைவைக் குறித்து வைப்பதும் பரிசோதனையே. முன்னதில் அறியப்படுவது நோயாளியின் உடல். பின்னதில் அறியப்படுவது மருந்து. முன்னதன் பயன் நோயாளியைச் சேரும். பின்னதன் பயன் இனி வரப்போகும் நோயாளிகளைச் சேரும். இவரைச் சேர்ந்தாலும் சேரலாம், சேராமலும் போகலாம். இத்துணை வேறுபாடுடைய இரண்டையும் ஒரு சொல்லுள் அடக்கிய படிவத்தில் ஒருவர் கைநாட்டு வைக்கும்போது, அவர் எதற்கு இசைந்தார் என்பது ஐயத்திற்குரியது. 1982இல் பால் ஆப்பல்பாம் என்னும் அமெரிக்க உளமருத்துவரும் அவர்தம் குழுவினரும், ஆய்வையே சிகிச்சை என்று நோயாளிகள் மயங்கும் நிலைக்குத் தனிப்பெயர் ஒன்றை இட்டனர். ஆங்கிலம் பேசும் நாட்டிலேயே கண்டறியப்பட்ட மயக்கம் அது. தமிழிலோ அம்மயக்கத்திற்குச் சொல்லே துணைபோகிறது.

ஆகவே மருத்துவ ஆய்வுச் சொற்களின் பிறப்பையும் வளர்ச்சியையும் காண்பது அகராதி வேலை மட்டுமாக நில்லாது. எந்தச் சொல் எந்தக் கேட்டைத் தடுக்கப் பிறந்தது என்று தெரிந்தால்தான், அதன் தமிழ் வடிவம் அத்தடையைச் சுமக்கிறதா, வழியிலேயே தவறவிட்டுவிட்டதா என்று துணிய இயலும்.

சினைப்பெயரும் தொழிற்பெயரும்

மருத்துவத் தமிழின் வரலாற்றை யாழ்ப்பாணத்து மானிப்பாயிலிருந்து தொடங்குவது மரபு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கலாம் என்று துணிந்தார். தம் மாணவர்களின் துணையோடு நூல்களையும் மொழிபெயர்த்தார். பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம், கெமிஸ்தம் ஆகியன 1857 தொடங்கி 1875 வரையிலான காலத்தில் வெளிவந்தன. தமிழில் வழக்குச்சொல் கிட்டினால் அதை ஆளுதல், கிட்டாதபோது வடசொல்லை நாடுதல், அதுவும் இயலாதபோது ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கு இயைய எழுதுதல் என்பது அவர் கைக்கொண்ட நெறி. ‘கெமிஸ்தம்’ மூன்றாம் வழியில் பிறந்தது. இன்று அது இளநகையை வருவிக்கலாம். ஆயினும் ஒரு துறை முழுமைக்கும் தமிழ்ப்பெயர் இடத் துணிந்த உள்ளத்தை அதில் காணலாம். பின்னர் 1916இல் சேலத்தில் இராஜாஜி முதலியோர் அறிவியற் சொற்களுக்கென ஒரு சங்கமும் இதழும் நடத்தினர். 1938இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் கலைச்சொற் தொகுதியொன்றை வெளியிட்டது.

இவர்கள் பெரிதும் எதிர்கொண்டவை பொருட்பெயர்களும் சினைப்பெயர்களும் ஆகும். நுரையீரலைச் சுட்டிக்காட்டிப் பெயர் வைக்கலாம். கந்தக அமிலத்தைக் குப்பியில் காட்டிப் பெயர் வைக்கலாம். சூட்டிய பெயர் சற்றே பொருந்தாவிடினும் சுட்டு விரல் இடர்ப்பாட்டைத் தீர்த்துவிடும். ஆய்வுச் சொற்களின் நிலை வேறு. அவை பெரும்பாலும் தொழிற்பெயர்கள். ஒருவர் மற்றொருவரைப் பொறுத்துச் செய்வனவற்றுக்கும் செய்யாது ஒதுங்குவனவற்றுக்கும் உரிய பெயர்கள். சுட்டிக்காட்ட அங்கே பொருள் எதுவும் இல்லை. யாரோ ஒருவரின் கையைக் கட்ட வேண்டிய தேவை நேர்ந்தபோதே அவற்றுள் ஒவ்வொன்றும் தோன்றியது. கட்டப்பட்ட கை பெரும்பாலும் மருத்துவருடையது என்பது கருதத்தக்கது.

படியோலையும் மூலவோலையும்

1747ஆம் ஆண்டு மே மாதம். ஆங்கிலக் கடற்படையின் ‘சாலிஸ்பரி’ என்னும் கப்பலில் மருத்துவராயிருந்த ஜேம்ஸ் லிண்ட், ஸ்கர்வி நோயால் ஈறு அழுகி, முழங்கால் தளர்ந்து கிடந்த பன்னிரு மாலுமிகளைத் தேர்ந்துகொண்டார். அனைவருக்கும் ஒரே உணவு, ஒரே இடம். இருவர் இருவராகப் பிரித்து ஆறு வகை மருந்து கொடுத்தார். ஆப்பிள் மது, நீர்த்த கந்தக அமிலம், காடி, கடல்நீர், பூண்டும் கடுகும் முதலியன கலந்த ஒரு களிம்பு, ஆரஞ்சும் எலுமிச்சையும் என்பன அவை. ஆறு நாளில் பழம் தீர்ந்துபோயிற்று. ஆனால் அதற்குள் பழம் உண்ட இருவரில் ஒருவர் வேலைக்குத் திரும்பும் அளவு தேறிவிட்டார். லிண்ட் தம் நூலை 1753இல் வெளியிட்டார். கடற்படை எலுமிச்சைச் சாற்றை முறையாக வழங்கத் தொடங்கியதோ 1795இல்தான். இடைப்பட்ட நாற்பத்திரண்டு ஆண்டுகளில் கடலில் மாண்டோரை எண்ணும்போது, ஓர் உண்மை கண்டறியப்படுவதும் ஏற்கப்படுவதும் வேறுவேறு என்பது விளங்கும்.

லிண்ட் செய்த வேலைக்குப் பெயர் பின்னரே வந்தது. ஒரு குழுவை மற்றொரு குழுவோடு வைத்துப் பார்க்கும்போது அளவுகோலாய் நிற்கும் குழுவை ஆங்கிலத்தார் ‘கன்ட்ரோல்’ என்றனர். தமிழ்ப் படிவங்கள் சில இதனைக் ‘கட்டுப்பாட்டுக் குழு’ என்று பெயர்த்து வைத்தன. குடும்பக் கட்டுப்பாடும் விலைக் கட்டுப்பாடும் கேட்டுப் பழகிய செவிக்கு, இக்குழுவில் சேர்ந்தால் யாரோ அடக்கி வைப்பர் என்றே தோன்றும். ஆனால் ‘கன்ட்ரோல்’ என்பதன் வேர் அடக்குதலில் இல்லை. இடைக்காலப் பிரெஞ்சு மொழியில் கணக்குச் சுருளுக்கு எதிராக வைக்கப்பட்ட இரண்டாம் சுருளை அச்சொல் குறித்தது. முதற் கணக்கில் எவரேனும் கைவைத்தால் எதிர்ச்சுருள் காட்டிக்கொடுத்துவிடும்.

தமிழருக்கு இது புதிதன்று. பெரியபுராணத்துத் தடுத்தாட்கொண்ட புராணத்தில், கிழவேதியர் காட்டிய ஆளோலையைச் சுந்தரர் கிழித்தெறிகிறார். கிழிக்கப்பட்டது படியோலையே, மூலவோலை தம்மிடம் உண்டு என்கிறார் கிழவர். திருவெண்ணெய்நல்லூர் அவையத்தார் அதனை வாங்கிச் சுந்தரரின் பாட்டனார் எழுத்தோடு ஒப்புநோக்கித் தீர்ப்புரைக்கின்றனர். ஒன்றை மற்றொன்றோடு வைத்துப் பார்த்தாலன்றி முடிவு கூறலாகாது என்ற அவ்வவையத்தின் நெறியே ‘கன்ட்ரோல்’ என்பதன் உட்பொருளும் ஆகும். ‘ஒப்பீட்டுக் குழு’ என்று பிற்காலத்தில் வந்த பெயர் எளியது, உண்மையானது. கட்டுப்பாட்டைக் கைவிட்டது நன்று.

குடத்தில் இட்ட ஓலை

இரு குழு வேண்டும் என்றாயிற்று. யார் எந்தக் குழுவில் சேர்வது? மருத்துவரே பிரித்தால், பிழைக்கக்கூடியவரைப் புதுமருந்துப் பக்கம் சேர்த்துவிடும் ஆசை அவரறியாமலே எழும். ஒருவர் விட்டு ஒருவர் என்று பிரித்தாலும், அடுத்து வருபவர் எப்பக்கம் என்று முன்கூட்டியே தெரிந்துவிடுவதால் வாயிலிலேயே தேர்வு நடந்துவிடும். ஆகவே மனித விருப்பம் நுழையாத வழியொன்று தேவைப்பட்டது. அதனை முதலில் வகுத்துத் தந்தது மருத்துவமனையன்று, வயல்வெளி. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய ரொனால்ட் ஃபிஷர், எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானிக்க வேண்டும் என்று 1920களில் நிறுவினார்.

இம்முறையின் ஆங்கிலப் பெயரைச் ‘சீரற்ற ஒதுக்கீடு’ என்று பெயர்ப்பது பெருவழக்காகிவிட்டது. சீரற்றது என்றால் ஒழுங்கில்லாதது, ஏனோதானோவென்று செய்யப்படுவது என்பதே பொதுமக்கள் கொள்ளும் பொருள். உண்மையிலோ இதனைவிட ஒழுங்காகச் செய்யப்பட வேண்டிய பணி ஆய்வில் வேறில்லை. பள்ளிப் பாடநூல்கள் நிகழ்தகவுக் கணக்கில் ஆளும் ‘சமவாய்ப்பு’ என்னும் சொல் எவ்வளவோ மேலானது. பத்தாம் நூற்றாண்டில் முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் கூறும் குடவோலை முறையும் இதே கவலையினின்று எழுந்ததுதான். தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஏதுமறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். எடுப்பவன் அறியாதவனாயிருக்க வேண்டும் என்பதுதான் அதன் நுட்பம்.

அச்சிறுவனின் இடத்தை 1947இல் ஒட்டப்பட்ட உறைகள் பெற்றன. காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் பயன் தருமா என்று அறியப் பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் குழு நடத்திய ஆய்வில், ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் என்னும் புள்ளியியலார் சமவாய்ப்பு எண்களைக் கொண்டு உறைகளை அமைத்தார். 107 நோயாளிகளில் 55 பேருக்கு மருந்தும் படுக்கை ஓய்வும், 52 பேருக்கு ஓய்வு மட்டும். ஆறு மாதத்தில் முதற் குழுவில் நால்வர் இறந்தனர். இரண்டாம் குழுவில் பதினால்வர். போருக்குப் பிந்திய இங்கிலாந்தில் அம்மருந்து மிக அரிதாயிருந்தமையால், எல்லார்க்கும் கொடுக்க வழியில்லை என்பதே ஆய்வின் அறத்திற்குக் கூறப்பட்ட காரணம். ஓய்வு மட்டும் பெற்றோர்க்குத் தாம் ஓர் ஆய்வில் இருக்கிறோம் என்பதே சொல்லப்படவில்லை. ஒட்டப்பட்ட உறை மருத்துவரின் கையைக் கட்டிற்று. ஆனால் நோயாளியின் வாயைத் திறக்கவில்லை. இதனைக் கீழே மீண்டும் காணலாம்.

சென்னையின் பங்கு

அடுத்த பெரும் வினாவுக்கு விடை கண்டது சென்னை. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக நலவாழ்வு நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியன இணைந்து சென்னையில் காசநோய் வேதிமருத்துவ மையத்தைத் தொடங்கின. அதன் முதல் தலைமை ஆய்வாளர் வாலஸ் ஃபாக்ஸ். அந்நாளில் காசநோய் என்றால் சானடோரியம். தூய காற்று, முழு ஓய்வு, பாலும் முட்டையுமாகச் சத்துணவு என்பன மருந்துக்கு நிகராகவோ மேலாகவோ கருதப்பட்டன. 1928இல் மருத்துவர் சவுரிமுத்து தாம்பரத்தருகே நிறுவிய சானடோரியத்தின் பெயரைப் புறநகர் இரயில் நிலையம் ஒன்று தாங்கி நிற்கிறது. அங்கே நாள்தோறும் ஏறி இறங்குவோருள் பலர்க்கு அது ஓர் ஊர்ப்பெயர். உள்ளே உறங்கும் இலத்தீன் வினைச்சொல் நோய் தீர்த்தலைக் குறிப்பது.

நாட்டில் காசநோயாளர் பல இலட்சம். படுக்கைகளோ சில ஆயிரம். மருந்தை வீட்டிலேயே கொடுத்தால் நோய் தீருமா என்பதே வினா. சென்னை நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேர் சமவாய்ப்பு முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். இரு குழுவினர்க்கும் ஐசோனியாசிடும் பாஸ் என்னும் மருந்தும் ஓராண்டுக் காலம் தரப்பட்டன. ஒரு குழு சானடோரியத்தில். மற்றது நெருக்கடியான வீடுகளில், குறைந்த உணவோடு, ஓய்வும் இன்றி. இவ்வாய்வில் ஒப்புநோக்கப்பட்டது இடமே. ஓராண்டு முடிவில் வீட்டிலிருந்தோரில் 86 விழுக்காட்டினர்க்கும் சானடோரியத்திலிருந்தோரில் 92 விழுக்காட்டினர்க்கும் நோய் அடங்கியிருந்தது. 1959இல் இம்முடிவு வெளியாயிற்று. குடும்பத்தார்க்கு நோய் பரவுவதிலும் இரு குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. சானடோரியங்களின் காலம் உலகெங்கும் முடிவுக்கு வரத் தொடங்கியதற்கு இவ்வாய்வு தலையாய காரணங்களுள் ஒன்று. தமிழ்நாட்டின் குடிசைவாழ் மக்களின் உடல்கள் தந்த சான்று அது. மருத்துவ வரலாற்று நூல்களில் இது குறிக்கப்படும் அளவுக்குத் தமிழ் இலக்கிய வட்டங்களில் பேசப்படாமை வியப்புக்குரியது.

இம்மையத்தில் மற்றொரு சொல்லும் கருக்கொண்டது. மருந்தை வாங்கிச் செல்வோர் அனைவரும் அதனை உண்பதில்லை என்பதை ஃபாக்சும் அவர்தம் குழுவினரும் முன்னறிவிப்பின்றி வீடு சென்று மாத்திரைகளை எண்ணியும் சிறுநீரைச் சோதித்தும் கண்டனர். பணியாளர் கண்முன்னே மருந்தை விழுங்கச் செய்யும் முறை இதிலிருந்து வளர்ந்து, 1990களில் உலக நலவாழ்வு நிறுவனத்தின் கொள்கையாகியது. ‘நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சை’ என்னும் தமிழ்ப்பெயரில் ‘கண்காணி’ நிற்கிறது. இலங்கை, மலேயாத் தோட்டங்களின் வரலாறு தெரிந்தோர்க்கு அச்சொல்லின் நிழல் எத்தகையது என்று கூற வேண்டுவதில்லை. அக்காலச் சென்னை மையம் பின்னர்க் காசநோய் ஆராய்ச்சி மையமாகி, 2011 முதல் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று பெயர் பெற்றுள்ளது.

கண்கட்டும் கூலி மாரடிப்பும்

ஆய்வில் மருந்து பெறுவோரும் கொடுப்போரும் எது மருந்து என்றறியாதிருத்தலை ஆங்கிலம் குருடு என்கிறது. தமிழிலும் ‘இரட்டைக் குருட்டு ஆய்வு’ என்று அப்படியே எழுதியோர் உண்டு. பார்வையற்றோரைப் புண்படுத்தும் இத்தொடர் வேண்டாதது, வரலாற்றுக்கும் பொருந்தாதது. தொடக்கத்தில் இருந்தது குருடன்று, கண்கட்டு. 1784இல் பாரிசில் மெஸ்மர் என்பாரின் காந்த மருத்துவத்தை ஆராயப் பதினாறாம் லூயி மன்னன் ஒரு குழுவை அமைத்தான். பெஞ்சமின் ஃபிராங்க்ளின், வேதியியலார் லாவோசியே, வானியலார் பைய்யி, மருத்துவர் கில்லட்டின் ஆகியோர் அதில் இருந்தனர். (பின்னாளில் புரட்சியின்போது அவருள் இருவர், உடனிருந்த மூன்றாமவரின் பெயர் பெற்ற கருவியால் தலையிழந்தது வேறு கதை.) ஃபிராங்க்ளின் தோட்டத்து மரமொன்றுக்குக் காந்த ஆற்றல் ஏற்றப்பட்டது. ஒரு சிறுவனின் கண்ணைக் கட்டி வெவ்வேறு மரங்களிடம் அழைத்துச் சென்றனர். ஆற்றல் ஏற்றப்படாத மரத்தருகே அவன் மயங்கி விழுந்தான். கண்கட்டு வித்தையை வெல்லக் கண்ணைக் கட்ட வேண்டியிருந்தது. ‘இருபுற மறைப்பு’ என்பது இச்செயலுக்கு ஏற்ற பெயராகலாம்.

‘பிளாசிபோ’ என்னும் சொல்லின் கதை இன்னும் சுவையானது. இலத்தீனில் ‘மகிழ்விப்பேன்’ என்று பொருள்படும் இவ்வினைமுற்று, இறந்தோர்க்காகக் கத்தோலிக்கர் மாலையில் ஓதிய வழிபாட்டின் முதற்சொல். உறவோ நட்போ இல்லாதவர்களும் இழவு வீட்டுச் சோற்றுக்கும் காசுக்குமாக வந்து இதனைப் பாடலாயினர். அதனால் ‘பிளாசிபோ பாடுதல்’ என்பது பொய்யாய் இன்புறுத்தும் முகத்துதிக்குப் பெயராயிற்று. பதினான்காம் நூற்றாண்டில் சாசர் தம் கேன்டர்பரிக் கதைகளுள் ஒன்றில், துதிபாடும் பாத்திரத்துக்கு இப்பெயரையே இட்டார். தமிழில் இதற்கு நேராகக் ‘கூலிக்கு மாரடித்தல்’ என்னும் வழக்கு முழுமையாய் நிற்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இச்சொல் ஆங்கில மருத்துவ அகராதிகளில் புகுந்து, நோயாளியின் மனத்துக்கு ஆறுதலாக மட்டும் தரப்படும் மருந்தைக் குறித்தது. இருபதாம் நூற்றாண்டில் அதன் வேலை மாறிற்று. நோயாளியை மகிழ்விப்பதற்காக இருந்தது, ஆய்வாளரின் ஆர்வத்தை அடக்கும் கடிவாளமாயிற்று.

தமிழில் இதற்கு வழங்கும் ‘மருந்துப்போலி’ இலக்கணம் பயின்றவர் ஆக்கிய சொல் என்பதில் ஐயமில்லை. அறம் என்பது அறன் என வருவது கடைப்போலி. இல்முன் என்பது முன்றில் என நிற்பது இலக்கணப்போலி. இலக்கணத்தில் போலி என்றால் வஞ்சகம் இல்லை. ஒன்றன் இடத்தில் அதுபோல் நிற்பது என்பதே பொருள். ஆனால் கடைத்தெருவில் போலி என்றால் ஏமாற்று. இலக்கணப்போலியில் சொற்கள் முன்பின்னாக மாறினும் பொருள் மாறாது. மருந்துப்போலியையோ முன்பின்னாக மாற்றினால் ‘போலி மருந்து’ ஆகிவிடும். ஒன்று ஆய்வின் கருவி, மற்றது சிறைக்குரிய குற்றம். இவ்வளவு பெரிய வேறுபாட்டைத் தாங்கி நிற்பது ஒரு வல்லெழுத்தும் சொல் வரிசையுமே.

இக்கருவி தமிழ்மண்ணில் பேரளவில் பயன்பட்டதும் உண்டு. 1968இல் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய காசநோய்த் தடுப்பு ஆய்வில், இரண்டரை இலட்சத்திற்கும் மேற்பட்ட மக்களுக்குப் பி.சி.ஜி. தடுப்பூசியோ அதன் போலியோ போடப்பட்டது. எவர்க்கு எது என்பது இருபுறமும் மறைக்கப்பட்டிருந்தது. வளர்ந்தோர்க்கு வரும் நுரையீரல் காசநோயை அத்தடுப்பூசி தடுக்கவில்லை என்று 1979இல் வெளியான முடிவு உலகையே திகைக்க வைத்தது. குழந்தைகளைத் தாக்கும் கடுங் காசநோய் வகைகளுக்கு எதிராக அது பயன்படுவது வேறு. ‘பயனில்லை’ என்னும் விடையையும் விடையாக ஏற்கும் துணிவை ஒப்பீட்டுக் குழுவே தருகிறது.

இசைவு

ஒப்பீடும் சமவாய்ப்பும் மறைப்பும் உண்மையைக் காக்கும் சொற்கள். மனிதரைக் காக்கும் சொல் காலந்தாழ்ந்தே வந்தது. 1900இல் கியூபாவில் மஞ்சட்காய்ச்சல் கொசுவால் பரவுகிறதா என்றறிய வால்டர் ரீட் என்னும் அமெரிக்கப் படைமருத்துவர், ஸ்பெயினிலிருந்து குடியேறியோரை ஆய்வில் சேர்த்தார். அவர்களோடு அவர்தம் ஸ்பானிய மொழியிலேயே உடன்படிக்கை எழுதிக்கொண்டது புதுமை. நூறு டாலர் பொன் ஊதியம். நோய் வந்துவிட்டால் மேலும் நூறு. உயிருக்கு ஓரளவு ஆபத்து உண்டு என்று கூறிய அப்பத்திரம், இத்தீவில் வாழ்வோர்க்கு எப்படியும் அந்நோய் வரத்தான் போகிறது என்றும் உடன் சேர்த்துரைத்தது. அஞ்சத்தக்கதை முதலடியில் கூறி அடுத்த அடியில் ஆற்றிவிடும் அவ்வுத்தி கவிஞர்கள் அறியாததன்று.

நாஜி மருத்துவர்கள் மீதான நியூரம்பர்க் வழக்கின் தீர்ப்பில் 1947இல் வகுக்கப்பட்ட பத்து நெறிகளுள் முதலாவது, ஆய்வுக்குள்ளாகும் மனிதரின் தன்விருப்பான இசைவு இன்றியமையாதது என்பது. இதில் கசப்பான செய்தியொன்று உண்டு. ஜெர்மனியிலேயே 1931இல் இதுபோன்ற நெறிகள் அரசால் வெளியிடப்பட்டிருந்தன. 1964இல் உலக மருத்துவச் சங்கத்தின் எல்சிங்கி அறிக்கை பிறந்தது. இவையெல்லாம் எழுதப்பட்ட காலத்திலேயே அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து மேகன் கவுண்டியில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. 1932 முதல் அரசு நலத்துறையினர் 399 கறுப்பின ஆடவர்க்கிருந்த மேகப்புண் நோயைச் சிகிச்சையின்றி வளரவிட்டு, நோயற்ற 201 பேரோடு ஒப்பிட்டுப் பார்த்தனர். பென்சிலின் கிடைத்த பின்னும் கொடுக்கவில்லை. 1972இல் செய்தித்தாளில் வெளிவரும்வரை இது நாற்பதாண்டு நீடித்தது. அம்மனிதர்களிடம் நோயின் பெயர் கூறப்படவில்லை. ‘கெட்ட இரத்தம்’ என்றே சொல்லி வந்தனர். முதுகெலும்பில் ஊசி குத்தி நீரெடுப்பதற்குச் சிறப்புச் சிகிச்சை என்று பெயரிட்டனர். கெட்ட இரத்தம் என்பது அவ்வூரார் பேச்சுவழக்கு, எளிய சொல், எல்லார்க்கும் விளங்கும் சொல். கலைச்சொல்லின் கடுமையைச் சாடி எளிமையைப் போற்றுவோர் இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். எளிய சொல்லும் மறைக்கப் பயன்படும்.

‘அறிந்து இசைதல்’ என்னும் கருத்துக்கான ஆங்கிலத் தொடர் 1957இல் கலிபோர்னிய நீதிமன்றத் தீர்ப்பொன்றில் முதன்முதல் ஆளப்பட்டது. தமிழில் இது ‘அறிவுறுத்தப்பட்ட ஒப்புதல்’ என்று வழங்குவதைக் காணலாம். இரு சொல்லும் இடர் தருவன. அறிவுறுத்துதல் என்பது இன்றைய வழக்கில் இன்னது செய் என்று பணித்தல். அரசு அறிவுறுத்தும், ஆசிரியர் அறிவுறுத்துவார். மருத்துவர் அறிவுறுத்தியதற்கு நோயாளி தலையசைப்பதே ஒப்புதல் என்று ஆகிவிடுகிறது. தடுக்க வேண்டிய நிலையையே சொல் விவரித்துவிடுகிறது. ஒப்புதல் என்பதோ காவல்நிலையத்து வாக்குமூலத்தை நினைவூட்டும். ‘சம்மதம்’ கலியாண வீட்டுச் சொல். மௌனமே சம்மதம் என்னும் பழமொழியும் அதனோடு ஒட்டிக்கொண்டு வரும். ஆய்வில் மௌனம் இசைவாகாது. ‘இசைவு’ இக்குறைகள் அற்றது. இசைந்தவர் பின்னர் இசையாமலும் போகலாம் என்னும் இடம் அதில் இருக்கிறது. ‘அறிந்து அளிக்கும் இசைவு’ என்பதில் அறிபவரும் அளிப்பவரும் நோயாளியே.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று என்பதற்குச் சான்று தொலைவில் இல்லை. 2009ஆம் ஆண்டு அன்றைய ஆந்திர மாநிலத்துக் கம்மம் மாவட்டத்தில் பழங்குடிச் சிறுமியர் உள்ளிட்டோர்க்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வாகப் போடப்பட்டது, 2010இல் நிறுத்தப்பட்டது. பெற்றோர் அளிக்க வேண்டிய இசைவைப் பல படிவங்களில் விடுதிக் காப்பாளர்களே கையொப்பமிட்டு அளித்திருந்தனர் என்று நாடாளுமன்ற நிலைக்குழு 2013இல் கண்டித்தது. அவ்வாண்டின் இறுதியில், இசைவு பெறும் நிகழ்வை ஒலி ஒளிப்பதிவு செய்ய வேண்டும் என்று மைய அரசு ஆணையிட்டது. பின்னர் அது சில வகை ஆய்வுகளுக்கென வரையறுக்கப்பட்டு, 2019ஆம் ஆண்டின் விதிகளிலும் இடம்பெற்றது.

எழுதப் படிக்க இயலாதவர்க்குப் படிவத்தைப் படித்துக் காட்ட வேண்டும், நடுநிலைச் சாட்சி ஒருவர் முழுநேரமும் உடனிருக்க வேண்டும் என்பதும் விதி. அங்கே படிவம் செவிவழியே செல்கிறது. கண்ணுக்கு மருந்துப்போலியாய்த் தெரிவது செவிக்குப் போலியாய் விழும். நான்கு வரி நீளும் எச்சத்தொடரின் முடிவில் வரும் ‘இல்லை’ என்னும் வினைமுற்றுக்காகக் காத்திருக்க, காய்ச்சலோடு வந்தவர்க்குப் பொறுமை இராது. அவ்விடத்துக்குரிய வாசகம் இவ்வாறு அமையலாம்: ‘இது உங்களுக்கான வைத்தியம் மட்டும் இல்லை, இந்த மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கிறோம். உங்களுக்கு மருந்து வரலாம். அதைப்போலவே இருக்கும், மருந்தில்லாத மாத்திரையும் வரலாம். எது யாருக்கு என்பதைக் குலுக்கிப் போட்டு முடிவு செய்கிறோம். எது வந்தது என்று உங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. வேண்டாமென்றால் இப்போதே சொல்லலாம், நடுவிலும் சொல்லலாம். சொன்னாலும் உங்களுக்குச் செய்கிற வைத்தியம் நிற்காது.’

இத்தகைய வாசகம் ஒவ்வொன்றும் ஆய்வு தொடங்குமுன் நெறிமுறைக் குழுவின் ஏற்பைப் பெற வேண்டும். தமிழ்ப் பெயர்ப்பும் அக்குழுவின் முன் வைக்கப்படுகிறது. குழுவில் மருத்துவரோடும் சட்டம் அறிந்தவரோடும் பொதுமக்களுள் ஒருவரும் உறுப்பினராயிருத்தல் வேண்டும் என்று 2019ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன. அவ்விருக்கையில் தமிழாசிரியரோ கவிஞரோ அமர்வதற்குத் தடையேதும் அவ்விதிகளில் இல்லை.